இமயமலைக் குழுப்பயணத் திட்டமிடல்

இமயமலைக் குழுப்பயணத் திட்டமிடல் என்பது, ஒரு மலையேற்ற மன்றமோ நண்பர் குழுவோ இமயமலைப் பகுதியில் நடைப்பயணம் அல்லது சிகர ஏற்றம் மேற்கொள்வதற்கு முன்னர் செய்யும் ஆயத்தங்களைக் குறிக்கும். வழித் தேர்வு, பருவம், அனுமதிகள், உடற்பயிற்சி, போக்குவரத்து, உணவு, மருத்துவ ஏற்பாடு, செலவுப் பகிர்வு ஆகியன இதில் அடங்கும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியிலிருந்து புறப்படும் குழுக்களை முதன்மையாகக் கருத்திற் கொள்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 முதல் 300 மீட்டர் உயரத்தில் வாழும் மக்கள் ஒரு வாரத்துக்குள் 4,000 மீட்டர் உயரத்தை எட்டும்போது, அவர்களுடைய கால் வலிமையைக் காட்டிலும் பயண அட்டவணையில் ஒதுக்கப்பட்ட நாட்களின் எண்ணிக்கையே அவர்களது பாதுகாப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

புவியியல் பின்னணி

சேலம், நாமக்கல் சமவெளி மலைகளுக்குப் பஞ்சமற்ற பகுதியாகும். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, போதமலை, கஞ்சமலை, சங்ககிரி மலைக்கோட்டை, நாமக்கல் நகரின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறை எனப் பலவும் இங்கே உள்ளன. சேர்வராயன் மலையில் அமைந்த ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆகவே இப்பகுதி இளைஞர்களுக்கு ஏறுவது என்பது புதிய செயலன்று.

எனினும் இம்மலைகளுக்கும் இமயமலைக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் அளவு வேறுபாடு அன்று. ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்காக உள்ளது. இக்குறைவை உடல் உணர்வதே இல்லை எனலாம். 4,270 மீட்டர் உயரமுள்ள அம்ப்டா கணவாயில் அது ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. 5,500 மீட்டரில் பாதியாகிறது. காற்றில் ஆக்சிசனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிசனின் அளவு குறைகிறது. இதற்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்வது உயரத் தகவமைவு எனப்படும்.

உயரத் தகவமைவு தொடர்பான மருத்துவ விதிகள் பெரும்பாலும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களுக்கு வகுக்கப்பட்டவை. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டரும், தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டரும் உயரமுடையவை. அதாவது, அவ்விதிகள் தொடங்கும் எல்லையை எட்டும் ஓரிடம்கூடத் தென்னிந்தியாவில் இல்லை. எனவே உயரத் தகவமைவை ஊரிலிருந்தே பயின்று கொண்டு போக இயலாது. அதை அங்கே நாட்களைச் செலவிட்டே பெற வேண்டும். மன்றங்கள் திட்டமிடும்போது மிக எளிதாக மறந்துவிடும் செய்தி இதுவே.

இவ்விரு நிலப்பகுதிகளுக்கும் இடையே சுவையான ஒரு தொடர்பும் உண்டு. சேலமும் உத்தராகண்டின் தேராதூனும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில், அதாவது 78 பாகை கிழக்கை ஒட்டி, அமைந்துள்ளன. 1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னையில் தொடங்கிய பெரும் முக்கோண நில அளவையின் முதன்மை வரிசை, இந்தியத் தென்முனையிலிருந்து இந்நெடுங்கோட்டைப் பின்பற்றியே வடக்கே இமயமலை அடிவாரம் வரை சென்றது. பின்னர் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கணிக்கப்பட்டதும் இந்த அளவையின் தொடர்ச்சியாகவே. ஆக, சேலத்திலிருந்து இமயம் நேர் வடக்கே, ஏறத்தாழ 2,000 கி.மீ. தொலைவில் உள்ளது.

மன்ற மரபு

இமயமலைப் பயணங்களுக்கான அமைப்புகளுள் பழமையான இமாலயன் கிளப் 1928 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் இத்தகைய அமைப்புகளில் பிரித்தானிய அதிகாரிகளே மிகுதியாக இருந்தனர். சமவெளி மக்களின் மன்றங்கள் பெருகியதற்கு வங்காளம் நல்ல எடுத்துக்காட்டாகும். 1960 ஆம் ஆண்டில் கொல்கத்தாவிலிருந்து சென்ற குழுவொன்று 6,309 மீட்டர் உயரமுள்ள நந்தா குண்டி சிகரத்தை அடைந்தது. கடல் மட்டத்தை ஒட்டிய நகரொன்றின் அலுவலர்களும் மாணவர்களும் விடுமுறை எடுத்துக்கொண்டு சிகரம் ஏற முடியும் என்ற நம்பிக்கையை அது விதைத்தது. அதன் பின்னர் வங்காளத்தின் சிறு நகரங்களிலும் மலையேற்ற மன்றங்கள் தோன்றின.

தமிழ்நாட்டில் இம்மரபு இளமையானது. 2023 மே மாதத்தில் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் சிகரத்தை அடைந்து, அச்சிகரத்தில் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் என்ற பெருமையைப் பெற்றார். அதைத் தொடர்ந்து மாவட்ட நகரங்களிலும் மலையேற்ற ஆர்வம் கூடியுள்ளது. ஆர்வம் கூடுமளவுக்குப் பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கை கூடியுள்ளதா என்பது வேறு கேள்வி.

நடையா, ஏற்றமா?

ஒரு மன்றம் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுவே. நடைப்பயணம் என்பது பாதை வழியே நடந்து, முகாம்களில் தங்கி, கணவாய் ஒன்றைக் கடப்பது அல்லது ஏரி, புல்வெளி போன்ற ஓரிடத்தை அடைந்து திரும்புவதாகும். சிகர ஏற்றத்தில் பனிச்சரிவுகளில் கயிறு கட்டி நடத்தல், பனிக்கோடரி, காலணியில் பொருத்தும் முள்தகடு ஆகியவற்றைப் பயன்படுத்தல், விழுந்தால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளல் ஆகியன தேவைப்படும். இவ்விரண்டுக்கும் நடுவே தெளிவற்ற ஒரு பகுதி உண்டு. மணாலிக்கு அருகிலுள்ள 5,289 மீட்டர் உயர நட்புச் சிகரம் அத்தகையது. பயண நிறுவனங்கள் இதனைப் "புதியவர்களுக்கான சிகரம்" என விளம்பரப்படுத்துகின்றன. சிகரங்களுள் எளியது என்பதே அதன் பொருள். எவரும் ஏறலாம் என்பது அன்று.

சிகர ஏற்றத்தை விரும்பும் மன்றம் தன் உறுப்பினர்களில் சிலரையாவது முறையான பயிற்சிக்கு அனுப்புவது நலம். டார்ச்சிலிங்கில் 1954 இலும், மணாலியில் 1961 இலும், உத்தரகாசியில் 1965 இலும் நிறுவப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. இவற்றின் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரங்கள் நீடிக்கும். தனியார் பணியில் இருப்பவருக்கு நான்கு வார விடுப்பு கிடைப்பது அரிது. ஆகவே கல்லூரி மாணவர்களாக இருக்கும் உறுப்பினர்களே பெரும்பாலும் இதற்கு ஏற்றவர்கள். சில ஆண்டுகளில் அவர்களே மன்றத்தின் வழிநடத்துநர்கள் ஆகின்றனர்.

முதன்முறை செல்லும் குழுக்களுக்கு நடைப்பயணமே பொருத்தமானது. உத்தராகண்டில் 3,566 மீட்டர் உயரத்திலுள்ள அர் கி தூன் பள்ளத்தாக்கு, ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தா, 2005 முதல் உலகப் பாரம்பரியக் களமாக விளங்கும் மலர்ப் பள்ளத்தாக்கு, இமாச்சலப் பிரதேசத்தில் சார் கணவாய், அம்ப்டா கணவாய் ஆகியன பரவலாக அறியப்பட்ட வழிகளாகும். இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் நடத்தும் தேசிய நடைப்பயண முகாம்கள் செலவு குறைந்தவை. மன்ற உறுப்பினர்கள் இருவர் மூவர் முதலில் அவற்றில் கலந்து கொண்டு அறிந்து வருவது பயனுள்ள முறையாகும்.

நாட்கணக்கு

சேலம் சந்திப்பிலிருந்து புது தில்லிக்குக் கேரளா விரைவு வண்டி செல்கிறது. பயணத்தில் இரண்டு இரவுகள் கழியும். கன்னியாகுமரியிலிருந்து சம்மு காசுமீரின் கட்ரா வரை செல்லும் இமசாகர் வார வண்டியும் சேலம் வழியே செல்கிறது. 2013 மே மாதத்தில் சேலம்–நாமக்கல்–கரூர் இருப்புப்பாதை பயன்பாட்டுக்கு வந்த பின்னர், நாமக்கல் பகுதியினர் சேலம் சந்திப்பை அடைவது எளிதாயிற்று. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. இதனால் குழுவினர் வருவதை உறுதிசெய்ய வேண்டிய கடைசி நாள் தெளிவாகிறது: புறப்படுவதற்கு 60 நாட்களுக்கு முன், முன்பதிவு திறக்கும் காலையில், பெயர்ப்பட்டியல் முடிவாகியிருக்க வேண்டும்.

அம்ப்டா கணவாயை எடுத்துக்காட்டாகக் கொண்டால் நாட்கணக்கு பின்வருமாறு அமையும். முதல் நாள் இரவு சேலத்தில் வண்டி ஏறினால் மூன்றாம் நாள் பிற்பகல் புது தில்லி. அன்றிரவே பேருந்தில் கிளம்பினால் நான்காம் நாள் காலை மணாலி. இதன் உயரம் ஏறத்தாழ 2,050 மீட்டர். ஐந்தாம் நாளும் மணாலியிலேயே தங்கி, அருகில் சிறு நடை. ஆறாம் நாள் ஜோப்ரா வரை ஊர்தியில் சென்று, அங்கிருந்து நடந்து ஏறத்தாழ 3,100 மீட்டரில் உள்ள சிக்கா முகாம். ஏழாம் நாள் ஏறத்தாழ 3,600 மீட்டரில் உள்ள பாலு கா கேரா முகாம். எட்டாம் நாள் அங்கேயே ஓய்வு. ஒன்பதாம் நாள் 4,270 மீட்டர் கணவாயைக் கடந்து, மறுபுறம் ஏறத்தாழ 3,900 மீட்டரில் உள்ள சியா கோரு முகாம். பத்தாம் நாள் சத்ருவுக்கு இறங்கி, 2020 இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை வழியே மணாலி. பதினோராம் நாள் எதற்கும் ஒதுக்கப்படாத நாள். இரவு தில்லிப் பேருந்து. பன்னிரண்டாம் நாள் இரவு வண்டி ஏறினால் பதினான்காம் நாள் காலை சேலம்.

இக்கணக்கின்படி 14 நாட்களில் மலையில் கழிவது 5 நாட்கள் மட்டுமே. திட்டக் கூட்டங்களில் இந்த இடத்தில்தான் விவாதம் எழும். நீண்ட பயணத்தால் நாட்கள் வீணாகின்றன என்று கருதுவோர், மணாலியின் இரண்டாம் இரவையும், எட்டாம் நாள் ஓய்வையும், பதினோராம் நாளையும் வெட்டி மூன்று நாட்களை மிச்சப்படுத்த முனைவர். அலுவலக விடுப்பு 12 நாட்களே கிடைத்திருக்கும். ஒரு நாள் கூடினால் ஊதியம் போகும். ஆனால் அந்த மூன்று நாட்களே இத்திட்டத்தின் உயிர்நாடி. அவற்றை வெட்டுவதைவிட, தில்லி வரை வானூர்தியில் சென்று பயண நாட்களைக் குறைப்பதோ, உயரம் குறைந்த வேறு வழியைத் தேர்ந்தெடுப்பதோ அறிவுடைமை. வானூர்தியில் செல்லும்போதும் மலை நாட்கள் குறையா என்பதையும், சேமித்த நாட்களை ஓய்வு நாட்களாகவே கொள்ள வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஒதுக்கப்படாத நாளுக்கு வேறொரு பணியும் உண்டு. திரும்பும் வண்டிக்கு இடம் பதிவாகிவிட்டது என்பதற்காக மோசமான வானிலையில் கணவாயைக் கடக்கத் துணியும் குழுக்கள் உள்ளன. கையில் ஒரு நாள் மிச்சம் இருந்தால் கூடாரத்துக்குள் காத்திருக்கும் பொறுமை வரும்.

உயர நோய்

2,500 மீட்டருக்கு மேல் விரைவாக ஏறுவோருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைச்சுற்றல், உறக்கமின்மை ஆகியன தோன்றலாம். இது கடும் உயர நோய் எனப்படும். உயரத்தில் வரும் தலைவலியை, வேறு காரணம் உறுதியாகும் வரை, உயர நோயாகவே கொள்ள வேண்டும். வெயில், பட்டினி, பயணக் களைப்பு என்று காரணம் கற்பிப்பது மனித இயல்பு.

பொதுவாக ஏற்கப்பட்ட விதி இது: 3,000 மீட்டருக்கு மேல், இரவில் உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாத நாள் ஒன்று வேண்டும். பகலில் அதைவிட உயரத்துக்கு ஏறி இறங்குவதில் தவறில்லை. உறங்கும் உயரமே முதன்மையானது. அறிகுறி தோன்றியவர் அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும். குணமாகும் வரை மேலே செல்லக் கூடாது. அறிகுறி கூடினால் இறங்க வேண்டும்.

இதன் கொடிய வடிவங்கள் இரண்டு. நுரையீரலில் நீர் கோத்தால் ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமல் கூடும், சிலருக்கு இளஞ்சிவப்பு நுரையுடன் சளி வரும். மூளை வீங்கினால் தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, மயக்கம் ஆகியன தோன்றும். நேர்கோட்டில் குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்வது முகாமில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனையாகும். இவ்வாறு நடக்க இயலாதவரை இரவென்றும் பாராமல் கீழே இறக்க வேண்டும். ஆக்சிசன் உருளையும் மருந்துகளும் இறங்குவதற்கான நேரத்தைப் பெற்றுத் தருபவை. இறங்குவதற்கு மாற்று ஆகமாட்டா.

அசிட்டசோலமைடு என்ற மருந்து தகவமைவை விரைவுபடுத்துகிறது. இதனை எடுத்துக்கொள்வது குறித்துப் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மதுவும் உறக்க மாத்திரையும் தவிர்க்கப்பட வேண்டியவை. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், ஆசுத்துமா உள்ள உறுப்பினர் அதை மறைக்காமல் கூறும் சூழலை மன்றம் உருவாக்குவது பெரிதும் தேவை. பட்டியலிலிருந்து நீக்கிவிடுவர் என்ற அச்சத்தாலேயே பலர் மறைக்கின்றனர்.

நன்கு பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கு உயர நோய் வராது என்ற எண்ணம் தவறானது. உடல் வலிமை இந்நோயிலிருந்து காப்பதில்லை. வேகமாக நடக்க முடிவதால் அவர்கள் விரைவாக உயரம் கூட்டி, நோய்க்கு எளிதில் இலக்காவதும் உண்டு. கொல்லிமலைப் படிகளில் முதலாவதாக ஏறியவரே அம்ப்டாவில் முதலாவதாகப் படுத்துவிடலாம். அதில் நாணுவதற்கு எதுவுமில்லை.

பருவம்

மழைக்கு முந்திய மே, சூன் மாதங்களும், மழைக்குப் பிந்திய செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் மாதங்களும் ஏற்றவை. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை மே மாதத்தில் வந்தாலும், அம்ப்டா போன்ற உயர்ந்த கணவாய்களில் அப்போது பனி மிகுந்திருக்கும். அவை பொதுவாகச் சூன் நடுப்பகுதியில்தான் நடப்பதற்கு ஏற்றவையாகின்றன. அதற்குள் பள்ளிகள் திறந்துவிடுகின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் மிகுந்த மன்றம் மே மாதத்தில் உயரம் குறைந்த வழியொன்றைத் தெரிவு செய்வதே இதற்குத் தீர்வு. அக்டோபரில் ஆயுத பூசை விடுமுறையை ஒட்டிச் செல்வோரும் உண்டு. அப்போது வானம் தெளிவாகவும் இரவுகள் மிகக் குளிராகவும் இருக்கும்.

ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் கொல்லிமலை வல்வில் ஓரி விழாவும் நடைபெறும் காலம் இமயத்தின் தென் சரிவுகளில் கடும் மழைக்காலமாகும். 2013 சூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத்தில் நிகழ்ந்த பேரழிவும், 2023 சூலையில் இமாச்சலப் பிரதேசத்தில் ஏற்பட்ட வெள்ளமும், 2025 ஆகஸ்டு 5 இல் கங்கோத்ரி சாலையிலுள்ள தராலியைத் தாக்கிய திடீர் வெள்ளமும் இப்பருவத்தின் இயல்பைக் காட்டும். மழைமறைவுப் பகுதிகளான லடாக்கும் இசுபித்தியும் இம்மாதங்களில் ஏற்றவை. ஆனால் அங்கே தொடக்கமே 3,500 மீட்டரை ஒட்டியது.

அனுமதிகளும் சட்டமும்

சிகர ஏற்றத்துக்குப் புது தில்லியிலுள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளையை அணுக வேண்டும். நடைப்பயணத்துக்கு அந்தந்த மாநில வனத்துறையின் அனுமதி தேவைப்படும். கங்கோத்ரி தேசியப் பூங்காவில் கோமுகம் செல்வோரின் எண்ணிக்கை நாளொன்றுக்கு 150 என வரையறுக்கப்பட்டுள்ளது. எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு உள்கோட்டு அனுமதி வேண்டும். 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடை செய்தது. ரூப்குண்ட் உள்ளிட்ட புகழ்பெற்ற வழிகள் இதனால் பாதிக்கப்பட்டன. பழைய பயணக் குறிப்புகளை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது என்பதற்கு இது சான்றாகும்.

மன்றத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன் கீழ்ப் பதிவு செய்துகொள்வது விண்ணப்பங்களுக்கும் வங்கிக் கணக்குக்கும் உதவும். செயற்கைக்கோள் தொலைபேசியை அரசு அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றமாகும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பிய கருவியானாலும் அவ்வாறே. லடாக்கிலும் சம்மு காசுமீரிலும் பிற மாநில முன்கட்டண அலைபேசி இணைப்புகள் இயங்கா. பின்கட்டண இணைப்பு உள்ள இருவரேனும் குழுவில் இருக்க வேண்டும்.

பயிற்சி

மூன்று மாதப் பயிற்சி போதுமானது. நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலத்தை அடுத்துள்ள நைனாமலையின் படிகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வரதராசப் பெருமாளைத் தரிசிக்க முதியோரும் குழந்தைகளும் ஏறும் அப்படிகளில், மற்ற நாட்களில் 8 முதல் 10 கிலோ சுமையுடன் ஏறி இறங்கலாம். கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குச் செல்லும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் மற்றொரு வாய்ப்பு. அங்கே முதலில் இறங்கிப் பின்னர் ஏற வேண்டும் என்பதால் களைத்த கால்களுடன் ஏறும் பழக்கம் கிடைக்கிறது. இறங்கும் பயிற்சியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இமயமலையில் முழங்கால் வலி பெரும்பாலும் இறக்கத்திலேயே வருகிறது. புதிய காலணியை மலையில் முதன்முறை அணியக் கூடாது. ஊரிலேயே குறைந்தது 50 கி.மீ. நடந்து பழக வேண்டும்.

வனப்பகுதிகளில் பயிற்சி நடைக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் சென்றிருந்த நடைப்பயணிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர் அவ்வாண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளுடன் தொடங்கிய மலையேற்றத் திட்டம், வழிகாட்டியுடன் முறையாக நடந்து பழக ஒரு வாய்ப்பாகும்.

உடையும் உணவும்

நனைந்த பருத்தி உடலின் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதோடு எளிதில் உலர்வதும் இல்லை. நெசவுக்குப் பெயர்பெற்ற சேலத்தில் இதைச் சொல்வது பொருத்தமற்றதாகத் தோன்றலாம்; எனினும் மலையில் பருத்தி உள்ளாடையும் சீன்சும் ஆபத்தானவை. உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழை அல்லது கம்பளி, அதன் மேல் வெப்பம் காக்கும் அடுக்கு, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் உறை என மூன்றடுக்காக உடுத்துவதே முறை. கையுறை, கம்பளிக் குல்லா, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஆகியன இன்றிப் பனியில் இறங்கக் கூடாது. குளிர் அங்கி, உறக்கப் பை போன்றவை மணாலியிலும் தேராதூனிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரே பயணத்துக்காக அனைத்தையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

உயரம் கூடக் கூட நீரின் கொதிநிலை குறைகிறது. 4,000 மீட்டரில் நீர் ஏறத்தாழ 87 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. இதனால் அரிசியும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் எளிதில் வேகா, குக்கர் இன்றியமையாதது. பசி குறையும் உயரத்தில் பழகிய சுவையே உள்ளே இறங்கும் என்பதால், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், கடலை மிட்டாய் ஆகியவற்றைக் கொண்டு செல்வது வீண் சுமை அன்று. சேலத்தின் சவ்வரிசி கஞ்சியாக எளிதில் செரிக்கும். எரிவாயு உருளையையோ மண்ணெண்ணெயையோ தொடர்வண்டியில் எடுத்துச் செல்லக் கூடாது. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் விதிக்குப் புறம்பாகக் கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் ஏற்பட்ட தீயில் 9 பேர் இறந்தனர். எரிபொருளை மலை அடிவார ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணமும் பணியாளரும்

பல மன்றங்களில் செலவை மாதச் சீட்டுப் போல ஓராண்டுக்குப் பிரித்துச் சேர்க்கும் வழக்கம் உள்ளது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓராண்டு பணம் கட்டியவரை, உடல்நிலை காரணமாக நிறுத்துவதோ பாதி வழியில் திருப்பி அனுப்புவதோ கடினமாகிறது. பணத்தைத் திருப்பித் தரும் விதியைச் சேர்க்கும்போதே எழுதி வைத்தால் மருத்துவ முடிவில் பணம் குறுக்கிடாது. மலையிலிருந்து மீட்கும் செலவை ஏற்கும் காப்பீடு தனியே தேவை; வழக்கமான மருத்துவக் காப்பீடு இதனைப் பெரும்பாலும் உள்ளடக்குவதில்லை.

உள்ளூர் வழிகாட்டி, சமையலர், கோவேறு கழுதை ஓட்டுநர், சுமையாளர் ஆகியோருக்கான செலவைக் குறைத்துப் பேரம் பேசுவது பரவலாகக் காணப்படுகிறது. அவர்களுக்கும் காப்பீடும், குளிர் உடையும், கூடாரத்தில் இடமும் உறுதிசெய்வது மன்றத்தின் பொறுப்பாகும். பத்துப் பேருக்கு மேற்பட்ட குழுவுக்கு வழிகாட்டிகள் இருவர் வேண்டும். ஒருவர் நோயுற்றால் அவரைத் தனியே இறக்க இயலாது. ஒரு வழிகாட்டியும் ஒரு குழு உறுப்பினரும் உடன் இறங்க வேண்டும். வழிகாட்டி ஒருவரே எனில் குழு முழுவதும் இறங்க வேண்டியிருக்கும், அல்லது நோயாளியை மேலே இழுத்துச் செல்ல நேரும்.

இந்தி அறிந்தவர் ஒருவர் குழுவில் இருப்பது பெரும் உதவி. நாமக்கல், சங்ககிரி லாரித் தொழிலில் வட மாநிலங்கள் முழுதும் ஓட்டிப் பழகியவர்கள் இப்பகுதியில் பலர் உள்ளனர். மலைச்சாலையின் போக்கையும் மொழியையும் அறிந்த அத்தகையோரிடம் கேட்டறிவது பயனளிக்கும்.

முடிவெடுத்தல்

2024 சூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சகசுரதால் ஏரிப் பகுதிக்குக் கர்நாடகத்தினரைப் பெரும்பான்மையாகக் கொண்ட 22 பேர் குழு சென்றது. இவர்களுள் உள்ளூர் வழிகாட்டிகளும் அடங்குவர். 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தனர்; ஏனையோர் மீட்கப்பட்டனர். சூன் மாதம் நல்ல பருவம் எனக் கருதப்படும் காலத்திலேயே இது நிகழ்ந்தது. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா சிகரத்தில் ஏற்பட்ட பனிச்சரிவில், உத்தரகாசி நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சியில் இருந்தவர்களுள் 25-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முறையான பயிற்சி இடரைக் குறைக்கும், அகற்றாது.

ஆகவே முடிவுகள் சிலவற்றை ஊரிலேயே, அனைவரும் தெளிந்த மனத்துடன் இருக்கும்போதே எடுத்து எழுதி வைத்துக்கொள்வது மன்றங்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. கணவாயை நோக்கிய நாளில் எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்புவது, இறங்குமாறு கூறும் அதிகாரம் யாருக்கு, அம்முடிவை வாக்கெடுப்பால் மாற்ற முடியுமா என்பன அவற்றுள் முக்கியமானவை. மாற்ற முடியாது என்பதே பெரும்பாலான அனுபவமுள்ள வழிநடத்துநர்களின் கருத்தாகும். வழிகாட்டி திரும்பலாம் என்று கூறினால் அதற்கு மேல் விவாதம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாள்வாரியான பயணத் திட்டம், உறுப்பினர்களின் இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டாரின் தொலைபேசி எண், வழிகாட்டியின் எண், அருகிலுள்ள காவல் நிலையத்தின் எண் ஆகியன அடங்கிய தாள் ஒன்று, பயணத்தில் கலந்து கொள்ளாத மன்ற உறுப்பினர் ஒருவரிடம் சேலத்திலோ நாமக்கல்லிலோ இருக்க வேண்டும். எந்த நாள் எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதும் அத்தாளிலேயே குறிக்கப்பட வேண்டும். அந்நேரம் திட்டமிட்ட இறங்கும் நேரத்தை அன்றி, ஒதுக்கப்படாத நாளின் மாலையைக் கணக்கிட்டு அமைவதே வழக்கம்.